பரணிலிருந்து இறக்கிய ஹீட்டரில் தீய்ந்த வாடை

கேள்வி: ஏலகிரி மலையில் குடியிருக்கிறோம். போன தை மாதம் பரணில் ஏற்றிய 2000 வாட் ஃபேன் ஹீட்டரை இப்போதுதான் இறக்கினோம். போட்டதும் தீய்ந்த வாடை வருகிறது. பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிடுகிறது. திருகைக் கழற்றி, பெட்ரோல் தொட்டுத் துடைக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். செய்யலாமா?
- வாசகி, அத்தனாவூர்

பதில்: பெட்ரோல் வேண்டவே வேண்டாம், மண்ணெண்ணெயும் கூடாது. இடுக்கில் ஒரு சொட்டுத் தங்கினாலும் சூடேறும்போது பற்றிக்கொள்ளும். திருகைக் கழற்றும் வேலையும் இல்லை.

வாடை, நின்றுபோவது இரண்டுக்கும் பெரும்பாலும் தூசிதான் காரணம். பின்பக்கச் சல்லடையில் ஒட்டடை அடைத்தால் விசிறிக்குக் காற்று போதாது. சூடு உள்ளேயே தேங்க, தெர்மல் கட்-அவுட் என்ற பாதுகாப்பு சுவிட்ச் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. அதைப் பழுது என்று சொல்லி, நீக்கிவிட்டு நேரடியாக ஒயரை இணைத்துத் தருபவர்களும் உண்டு. ஒத்துக்கொள்ளாதீர்கள்; தீப்பிடிக்காமல் காப்பதே அதுதான்.

பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். திண்ணையில் வைத்து, ஒரு அங்குலப் புது பெயின்ட் பிரஷ்ஷால் பின் சல்லடையைத் தட்டுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் உறிஞ்சிவிடலாம். புளோயர் என்றால் முன்பக்கமிருந்து பின்பக்கமாக ஊத வேண்டும், தூசி வந்த வழியே வெளியேறட்டும். ஊதும்போது விசிறி இதழை ஈர்க்குச்சியால் தடுத்துக்கொள்ளுங்கள். கட்டுமீறிச் சுழன்றால் விசிறித் தண்டைத் தாங்கும் புஷ் தேயும். கம்பிச் சுருளைத் தாங்கும் மைக்கா தகடு அப்பளம் மாதிரி. பிரஷ்ஷை அழுத்தினால் நொறுங்கி, சுருள் சரிந்து ஒன்றையொன்று தொடும்.

டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். குச்சியால் குத்தாமல் எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். பூச்சிக்குப் பயந்து உள்ளே அந்துருண்டை போடுவதும் ஆபத்து, அதன் ஆவி தீப்பற்றும். ஹீட்டரின் வெளிப்புறத்தை மட்டும் நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, ஒரு நாள் நிழலில் உலரவிடுங்கள்.

முதல் தடவை வெளியே வைத்து, பக்கத்திலேயே நின்று பத்து நிமிடம் ஓட்டுங்கள். மிச்சத் தூசியின் வாடை சீக்கிரம் அடங்கும். பிளாஸ்டிக் உருகும் வாடையோ மீன் கவிச்சியோ அடித்தால் உடனே நிறுத்துங்கள். இணைப்பு ஏதோ சூடாகிறது. 230 வோல்ட்டில் இந்த ஹீட்டர் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தாங்காது, 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். பிளக் பின் கறுத்திருந்தால் பிளக்கை மாற்றாமல் போடாதீர்கள்.

கேள்வி: கைக்குழந்தைக்காக வாங்கிய குவார்ட்ஸ் ஹீட்டரின் குழாயில் கைரேகை பதிந்துவிட்டது. ஈரத்துணியால் துடைக்கலாமா?
- வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: துடைக்கலாம், ஆனால் தண்ணீரால் அல்ல. விரலிலுள்ள எண்ணெயும் உப்பும் படிந்த இடம் சூட்டில் வெளுத்து, பிறகு விரிசல் விடும். குழாய் முழுக்க ஆறியபின், பஞ்சு இழை விடாத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, கை படாமல் துடையுங்கள். ஆல்கஹால் வாடை அறவே போனபிறகுதான் பிளக் போட வேண்டும். பின்னாலுள்ள பளபளத் தகட்டுக்கு உலர்ந்த மெல்லிய துணி போதும், சபீனா போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.