வாசகர் கேள்வி பதில்: வீடு தருகிறேன் என்பவரிடம் மனையைக் கேளுங்கள்

கேள்வி: ஓட்டுக் கேட்டு வருகிற எல்லா வேட்பாளரும் 'வீடில்லாத குடும்பமே இருக்காது' என்கிறார்கள். நாங்கள் 14 வருஷமாக வாடகை வீட்டில் இருக்கிறோம், ஒரு சென்ட் நிலம்கூடச் சொந்தமாக இல்லை. எங்களுக்கு இதில் ஏதாவது கிடைக்குமா? (வாசகி, விருதம்பட்டு)

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன் அம்மா, மேடையில் பேசப்படுகிற திட்டங்களில் பாதிக்கு மேல் உங்களைப் போன்றவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. தி.மு.க. அரசின் கலைஞர் கனவு இல்லத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2030-க்குள் 8 லட்சம் வீடு, வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது கிராமத்தில் குடிசையில் இருப்பவருக்கு, அதுவும் இருக்கிற இடம் அவர் பெயரில் இருந்தால். 2011-ல் ஜெயலலிதா கொண்டுவந்த பசுமை வீடும் அப்படித்தான், 300 சதுர அடி, 1.80 லட்சம், கிராமத்தில் மனை இருக்க வேண்டும். நீங்கள் வேலூர் மாநகராட்சிக்குள் இருக்கிறீர்கள், மனையும் இல்லை, ஆக இரண்டு வாசலும் உங்களுக்கு அடைப்பு.

திறந்திருக்கிற கதவு பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு. அதில் மனை இல்லாதவர்களுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (நம் வாயில் இன்னும் குடிசை மாற்று வாரியம்தான், 2021-ல் பெயர் மாறியது) அடுக்குமாடி கட்டித் தருகிறது. பயனாளி பங்கு என்று ஒரு தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். 2015-ல் இந்தத் திட்டம் தொடங்கியபோது '2022-க்குள் எல்லோருக்கும் வீடு' என்றார்கள், 2024 தேர்தலில் பா.ஜ.க. இன்னும் 3 கோடி வீடு என்றது. அந்த 3 கோடியில் வேலூருக்கு எத்தனை, எந்த இடத்தில் என்று உங்கள் தெருவுக்கு வருகிறவர்தான் சொல்ல வேண்டும். 2021-ல் அ.தி.மு.க. அறிவித்த 'அம்மா இல்லம்' திட்டமும் அரசே இடம் வாங்கி வீடு கட்டித் தரும் என்று மனை இல்லாதவரைப் பற்றிப் பேசியது. அந்தத் தேர்தலில் அவர்கள் ஜெயிக்காததால் அது நடக்குமா நடக்காதா என்று பார்க்க வழியில்லாமல் போய்விட்டது.

அப்புறம், நம்ம ஊர் விஷயம் ஒன்று இருக்கிறது, அதை எந்த வேட்பாளரும் தொட்டுப் பேசி நான் கேட்டதில்லை. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்காக வங்காளம், ஜார்கண்ட் என்று எங்கிருந்தெல்லாமோ குடும்பத்தோடு வருகிறார்கள், பாவம், அவர்களுக்கும் தங்க இடம் வேண்டும். காட்பாடிப் பக்கம் வி.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்கள். நாள் வாடகைக்கும் ஆள் கணக்குக்கும் விட்டால் வருகிற பணம் ஒரு உள்ளூர்க் குடும்பம் தரும் மாத வாடகையைவிட அதிகம் என்றால் வீட்டுக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அதனால் குடிசையை ஒழிப்பேன் என்பது வேலூர் நகரத்துக்குப் பாதிப் பதில்தான். உங்களிடம் வருகிறவரிடம் 'வாடகையில் இருக்கிற எங்களுக்கு எந்த இடத்தில் கட்டுவீர்கள், அங்கிருந்து பஸ் இருக்கிறதா' என்று கேளுங்கள். ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால், காந்தி நகரில் நாலு வீட்டில் வேலை செய்கிற ஒரு அம்மா காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவார்?

கேள்வி: 3.50 லட்சத்தில் வீடு முடியுமா? (வாசகர், அணைக்கட்டு)

பதில்: 360 சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய்கூட வரவில்லை. முடியாது. பணமும் ஒரே தடவையில் வராது, அடித்தளம், லிண்டல், கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாக வேலையைப் பார்த்துத்தான் விடுவார்கள். போன ஐப்பசியில் உங்கள் பக்கம் ஒரு கிராமத்தில் பார்த்தேன். லிண்டல் மட்டத்தோடு நின்ற சுவர், மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பியெல்லாம் துரு, பக்கத்தில் தார்பாயைக் கட்டி அதற்குள்தான் அடுப்பு, குழந்தையின் பள்ளிக்கூடப் பை, எல்லாம். இருந்த குடிசையைப் பிரித்துத்தான் அந்த இடத்தில் அஸ்திவாரம் போட்டிருந்தார்கள். அந்தப் பெண் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. 'செயினு பேங்க்ல இருக்குண்ணா' என்றார். தொகையை உயர்த்துவேன் என்று சொல்கிற வேட்பாளரிடம், அடுத்த தவணை எத்தனை நாளுக்குள் வரும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: நான் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார், புகையிலை நெடி வருகிறது என்று காலி செய்யவும் சொல்கிறார். இதற்கெல்லாம் எம்.எல்.ஏ. ஏதாவது செய்ய முடியுமா? (வாசகி, குடியாத்தம்)

பதில்: முடியும் சகோதரி, சட்டம் போடுகிற இடம் அதுதானே. 2017-ல் நம் சட்டமன்றம் நிறைவேற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும், குடியிருப்புக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பதுதான் அது வைத்திருக்கும் அளவு. ஆனால் ஒப்பந்தத்திலேயே அதிகத் தொகைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வாதாடுவது கஷ்டம், அதனால் முத்திரைத்தாளை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் பேனாவைத் தொடாதீர்கள். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் சுற்றினால்தான் சோறு என்றிருக்கிற உங்களுக்கு, வேலை செய்கிற இடமும் அந்த வீடுதான். பீடித் தொழிலாளி குடும்பங்கள் இத்தனை இருக்கிற தொகுதியில் வாடகையைப் பற்றி ஒரு வரிகூடப் பேசாமல் ஓட்டுக் கேட்பது சரியில்லை.

கேள்வி: மலைச்சரிவில் 30 வருஷமாக இருக்கிறோம். மூன்று தேர்தலாகப் பட்டா தருவதாகச் சொல்கிறார்கள். (வாசகர், காகிதப்பட்டறை)

பதில்: முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அ-பதிவேட்டில், அதாவது கிராமத்து நிலக் கணக்கில், உங்கள் புல எண் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஆட்சேபனையற்ற புறம்போக்கு, அதாவது குடியிருக்க விடுவதில் தடையில்லாத அரசு நிலம் என்றால் வரன்முறைப்படுத்த வழி உண்டு. நீர்நிலையோ காட்டு நிலமோ என்றால் எந்தக் கட்சிக்காரர் சத்தியம் செய்தாலும் பட்டா கிடைக்காது, நீதிமன்றம் விடாது. அப்படி இருந்தால் பட்டாவுக்குப் பதில் மாற்று இடம் கேளுங்கள். மழைக்காலத்தில் மேலேயிருந்து பாறை உருளுமோ என்று ராத்திரி விழித்திருக்கிற வீட்டுக்குப் பட்டா வாங்கி என்ன செய்யப் போகிறோம்?

கேள்வி: பிரச்சாரக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் எதைக் கேட்பீர்கள்? (வாசகர், ஆம்பூர்)

பதில்: பெங்களூர் ரோட்டில் இரண்டு பக்கமும் கலர் கொடி கட்டி மனைப்பிரிவு போடுகிறார்களே, 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால் சாலை நீங்கலாக 10 சதவீதம் நலிந்த பிரிவினருக்கான சிறு மனைகளாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் தொகுதியில் அந்தப் 10 சதவீதம் எங்கே, யார் கைக்குப் போனது, பட்டியலைத் தருவீர்களா என்று கேட்பேன். பட்டியலோடு ஒருவர் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், அடுத்த இதழில் அப்படியே போடுகிறேன்.