சைக்கிள் பாதையை எடுக்கப் போகிறார்களாம்: மூன்று கிழமையில் என்ன செய்யலாம்?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பெரிய வீதியில் சில ஆண்டுகளுக்கு முன் சைக்கிள் பாதை போட்டார்கள். இப்போது அதை எடுத்துவிட்டுப் பழையபடி காருக்கு விடவேண்டும் என்று பேச்சு. மூன்று கிழமையில் நகரசபைக் குழுவுக்கு வருகிறதாம். என் 15 வயது மகன் அந்தப் பாதையில்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறான். எதிர்க்கத் தயாராக இருபது குடும்பம் அளவில் இருக்கிறோம். ஆனால் ஒருவருக்கும் நகரசபை நடைமுறை தெரியாது. எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் ஒன்றை எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பாதை போனால் திரும்ப வருவது மிகக் கடினம்.

ரொறன்ரோவில் பாதைகளை எடுப்பது புதிதல்ல. 2011 ஜூலையில் நகரசபை ஜார்விஸ் வீதிப் பாதையை எடுக்க முடிவு செய்தபோது, ஸ்காபரோவின் பேர்ச்மவுண்ட், ஃபார்மசி வீதிப் பாதைகளும் சேர்ந்தே போயின. 2020இல் கோவிட் காலத்தில் பிரிம்லி வீதியில் போட்ட பாதையைச் சில மாதங்களிலேயே எடுத்தார்கள். அந்த நாட்களில் அடுத்த நகரசபை மனம் மாறினால் மறுபடி போடலாம் என்ற வழி இருந்தது. 2024 நவம்பரில் ஒன்ராறியோ அரசு நிறைவேற்றிய சட்டமூலம் 212, கார் ஓடும் தடத்தைக் குறைத்துச் சைக்கிள் பாதை போடுவதற்கு மாகாண அமைச்சின் அனுமதி வேண்டும் என்றது. 2025 நவம்பரில் வந்த சட்டமூலம் 60, நகரசபைகள் அப்படித் தடத்தைக் குறைப்பதையே தடுத்துவிட்டது. ஆகவே "இப்போதைக்கு எடுப்போம், பிறகு பார்ப்போம்" என்று யாராவது சொன்னால், அந்தப் பிறகு நகரசபையின் கையில் இல்லை. நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் முதல் வரியிலும் இது இருக்கட்டும். பல உறுப்பினர்கள் இதை ஒரு சாதாரண உள்ளூர்ச் சச்சரவாகத்தான் பார்ப்பார்கள். மீளமுடியாத முடிவு என்று தெரிந்தால் கை தூக்கத் தயங்குவார்கள்.

நீதிமன்றம் காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம். புளோர், யங், யூனிவர்சிட்டி வீதிகளின் பாதைகளை எடுக்கச் சொன்ன மாகாணச் சட்டப் பகுதி, கனேடிய உரிமைப் பட்டயத்தில் உயிரையும் பாதுகாப்பையும் காக்கும் 7ஆம் பிரிவுக்கு முரண் என்று ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 30இல் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. சைக்கிள் பாதை கேட்பது ஓர் உரிமை என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. ஆபத்து கூடும் என்று தெரிந்தும், நெரிசல் குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லாமலும் எடுப்பதுதான் தவறு என்றது. அது அந்த மூன்று வீதிகளைப் பற்றியது. உங்கள் வீதியை நேரடியாகக் காக்காது. ஆனாலும் அதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. அங்கே வென்றவை ஆதாரங்கள்தான்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

நகரசபை இணையத்தளத்தில் அந்தக் குழுவின் நிகழ்ச்சிநிரலைத் தேடுங்கள். பெரிய வீதி என்றால் அநேகமாக உட்கட்டமைப்பு, சுற்றாடல் குழுவுக்கு வரும். சில விடயங்கள், ஸ்காபரோ உறுப்பினர்கள் கூடும் ஸ்காபரோ சமூகசபைக்கு வரும். கூட்டத்துக்குச் சுமார் ஒரு கிழமை முன்புதான் முழு அறிக்கையும் வெளியாகும். அதுவரை காத்திருந்தால் நேரம் போய்விடும். உங்கள் வட்டார உறுப்பினரின் அலுவலகத்துக்கு இன்றே அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் குழு, எந்தத் திகதி? இது போக்குவரத்துப் பிரிவு ஊழியர்களின் பரிந்துரையா, உறுப்பினர் ஒருவரின் பிரேரணையா? பாதை போட்டபின் எடுத்த கணக்கெடுப்பும் பயண நேர அளவீடும் இருந்தால் அனுப்ப முடியுமா? ஆங்கிலம் சிரமம் என்றால் நகரசபையின் தகவல் எண்ணான 311ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

தகவல் அறியும் சட்டத்தின்படி விண்ணப்பிக்க 5 டொலர். பதிலுக்கு 30 நாள். உங்களிடம் இருப்பதோ 21 நாள். அதனால் நேரடியாகக் கேட்டு வாங்குவதே வழி. விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள், முடிவு தள்ளிப்போனால் உதவும்.

அறிக்கை வந்ததும் முழுவதையும் படிக்கத் தேவையில்லை. முதல் பக்கத்தில் எண் போட்ட பரிந்துரைகள் இருக்கும். வாக்கெடுப்பு அவற்றின் மேல்தான். எந்த எண் பாதையை எடுக்கச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்ததாக, செலவுப் பகுதியைப் பாருங்கள். எடுப்பதும் செலவுதான். கோடுகளை அழித்து, தடுப்புக்கட்டைகளைப் பெயர்த்து, சிக்னல்களை மாற்ற வேண்டும். புளோர், யங், யூனிவர்சிட்டி பாதைகளை எடுக்கக் குறைந்தது 48 மில்லியன் டொலர் ஆகும் என்று நகரசபை ஊழியர்கள் 2024இல் மதிப்பிட்டார்கள். உங்கள் வீதிக்கான தொகை அறிக்கையில் இல்லையென்றால், அது ஏன் இல்லை என்பதே குழுவில் கேட்கவேண்டிய கேள்வி.

எண்ணுங்கள், ஒழுங்காக எண்ணுங்கள்

"அந்தப் பாதையில் ஒருத்தரும் ஓடுவதில்லை." இந்த ஒரு வாக்கியம்தான் எல்லாப் பாதைகளையும் விழுத்துகிறது. இதற்கு நீங்களே எடுத்த கணக்குத்தான் பதில்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள். காலை 7 முதல் 9 வரை, மாலை 3 முதல் 6 வரை. வீதியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருவர். பள்ளிக்கூடத்துக்கோ பிளாசாவுக்கோ அருகில் ஒரே இடத்தில் நின்று, 15 நிமிடத்துக்கு ஒரு வரியாக எழுதுங்கள். பாதையில் போகும் சைக்கிள், நடைபாதையில் போகும் சைக்கிள், சாப்பாடு விநியோகிக்கும் மின்சைக்கிள், பிள்ளைகள், ஸ்கூட்டர், பாதையை மறித்து நிறுத்திய வாகனம் என்று தனித்தனிப் பத்திகள் வேண்டும். மழை, வெப்பநிலை இரண்டையும் மேலே குறியுங்கள். லோங் வீக்கெண்டை ஒட்டிய நாட்கள் வேண்டாம். வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை எண்ணிய கணக்கை யாரும் ஏற்கமாட்டார்கள். அதேபோல் இரண்டு மணி நேரக் கணக்கைப் பெருக்கி நாள் முழுவதற்கும் சொல்லாதீர்கள். எண்ணியதை மட்டும் சொல்லுங்கள். பெருக்கிய எண்ணை ஓர் ஊழியர் உடைத்துவிட்டால், மற்ற உண்மைகளும் அதோடு போய்விடும்.

எண்ணிக்கை குறைவாக வந்தால் மறைக்க வேண்டாம், கணக்கை விளக்குங்கள். மணிக்கு 20 சைக்கிள் போகிறது என்று வைப்போம். 18 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவர் 500 மீற்றரைக் கடக்க 100 விநாடி எடுப்பார். அப்படியென்றால் எந்தக் கணத்தில் பார்த்தாலும் அந்த 500 மீற்றரில் சராசரியாக ஒருவர்கூட இல்லை. அதே தூரத்தைக் காரில் அரை நிமிடத்தில் கடக்கிறவருக்குப் பாதை வெறுமையாகத்தான் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் 20 பேர் போயிருக்கிறார்கள்.

உங்கள் மகனின் 15 வயது

உங்கள் கையில் உள்ள மிக வலுவான வாதம் இதுதான். ரொறன்ரோவில் 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் நடைபாதையில் சைக்கிள் ஓடக்கூடாது. பிடித்தால் 60 டொலர் அபராதம். பாதையை எடுத்தால் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளை சட்டப்படி கார்களோடும் பஸ்களோடும் ஒரே தடத்தில்தான் போகவேண்டும்.

அந்தத் தடத்தின் அளவைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஓரத்துச் சாக்கடை மூடிகளைத் தவிர்க்கச் சைக்கிள் சக்கரம் ஓரக்கல்லிலிருந்து சுமார் 0.75 மீற்றர் தள்ளிப் போகும். கைபிடியின் பாதி 0.3 மீற்றர். முந்தும் வாகனம் இயன்றவரை 1 மீற்றர் இடைவெளி விடவேண்டும் என்பது 2015 முதல் ஒன்ராறியோ சட்டம். கண்ணாடிகளோடு ஒரு கார் ஏறக்குறைய 2 மீற்றர். கூட்டினால் 4 மீற்றருக்கு மேல். ரொறன்ரோவில் இப்படியான தடங்கள் பெரும்பாலும் 3 முதல் 3.3 மீற்றர்தான். அதாவது ஒரு சைக்கிளை முந்தும் ஒவ்வொரு காரும் அடுத்த தடத்துக்குள் ஏறவேண்டும், இல்லையென்றால் பின்னால் ஊரவேண்டும். பஸ்ஸுக்கு இன்னும் மோசம். ஓரத்தடத்தில் பிள்ளை ஒன்று சைக்கிள் ஓடினால், பஸ் நிறைய இருக்கும் ஆட்கள் அந்த வேகத்தில்தான் போவார்கள். ஸ்காபரோவில் பஸ்ஸை நம்பி வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். அவர்களும் உங்கள் பக்கம் நிற்கக் காரணம் இருக்கிறது.

உங்கள் வீதியின் சரியான அளவை ஊழியர்களின் வரைபடத்திலிருந்து எடுங்கள். நாடாவோடு வீதிக்குள் இறங்காதீர்கள்.

விபத்துக் கணக்கில் கவனம்

ரொறன்ரோ பொலிஸ் 2006 முதல் உயிரிழப்பு, கடும் காயம் ஏற்பட்ட விபத்துகளின் விவரத்தைப் பொதுவில் தருகிறது. உங்கள் வீதியை அதில் தேடலாம். ஆனால் சிறு காயங்களும், மயிரிழையில் தப்பியவையும் அதில் இல்லை. ஒரு வீதித் துண்டில் ஆண்டுக்கு ஒன்றோ பூச்சியமோதான் வரும். "பாதை போட்டபின் ஒருவரும் சாகவில்லை" என்று சொன்னால், "முன்பும் சாகவில்லையே" என்ற பதில் வரும். நடந்து கடந்தவர்கள், காரில் இருந்தவர்கள் உட்பட எல்லா விபத்தையும், பாதைக்கு முன் ஐந்து ஆண்டு, பின் கிடைக்கும் ஆண்டுகள் என்று பாருங்கள். வாகன வேக அளவீட்டையும் கேளுங்கள். 2025 நவம்பரில் மாகாணம் வேகக் கமராக்களைத் தடைசெய்தபின், ஒடுங்கிய தடங்கள்தான் வேகத்தை அடக்க மிஞ்சியிருக்கும் சில கருவிகளில் ஒன்று. பாதையை எடுத்தால் அதுவும் போகும்.

எதிர்த்தரப்பின் குறைகளைக் கேளுங்கள்

பாதையால் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மார்க்கம் நகரில் இரவு வேலை முடித்து வருகிறவர், நடக்கச் சிரமப்படுவோரை ஏற்றிச் செல்லும் வீல்-டிரான்ஸ் வண்டி வாசலில் நிற்க இடமில்லாத முதியவர், சாமான் இறக்க முடியாத கடைக்காரர். இவர்களை எதிரிகளாக்கினால் நீங்கள் தோற்பீர்கள், தோற்பதும் நியாயம்தான். ஒவ்வொரு குறைக்கும் பாதையை எடுக்காத தீர்வு ஒன்றை முன்வையுங்கள். நெரிசல் பெரும்பாலும் சந்திகளில்தான் பிறக்கிறது. இடப்பக்கம் திரும்ப நிற்கும் ஒரு கார் பின்னால் வருகிற எல்லோரையும் மறிக்கும். அங்கே திரும்பு தடமும், முன்கூட்டி எரியும் பச்சை அம்பும், அல்லது நெரிசல் நேரத்தில் திரும்பத் தடையும் கேட்கலாம். முதியவர்கள் ஏறி இறங்கத் தடுப்பில் ஒரு வெட்டும் சரிவும். கடைக்குப் பக்கத்துத் தெருவில் ஏற்றி இறக்கும் இடம். எந்தச் சந்தி, எந்த வாசல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கடிதமும் மூன்று நிமிடமும்

ஊர் உலகமெல்லாம் கையெழுத்திட்ட ஆயிரம் பெயர் இணைய மனுவைவிட, வட்டாரத்திலிருந்து வரும் அறுபது கடிதம் கனமானது. மேலே நிகழ்ச்சிநிரலில் உள்ள விடய எண்ணும் அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று எழுத்தும் இருக்கட்டும். ஒரே வாசகத்தைப் பிரதி எடுக்காதீர்கள். பாதி பக்கம் போதும். பெயர் பொதுப் பதிவில் போகும் என்பதை எல்லோருக்கும் முன்பே சொல்லுங்கள். நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கக் கனேடியக் குடியுரிமை வேண்டும், ஆனால் கடிதம் எழுதவோ குழுவில் பேசவோ அது தேவையில்லை. மின்சைக்கிளில் விநியோகம் செய்யும் மாணவர்களிடமும் போய்க் கேளுங்கள். அந்தப் பாதையில் அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தான்.

பொதுமக்கள் பேசக்கூடியது குழுவில் மட்டும். முழு நகரசபைக் கூட்டத்தில் பேச முடியாது. ஆகவே குழுவைத் தவறவிடாதீர்கள். குழுச் செயலாளருக்கு விடய எண்ணைச் சொல்லிச் சில நாள் முன்பே பதிவு செய்யுங்கள். வழக்கமாக 5 நிமிடம், ஆட்கள் கூடினால் 3 நிமிடமாகக் குறைப்பார்கள். மூன்றுக்கே தயார்செய்யுங்கள். இருபது பேரும் ஒரே கதையைச் சொன்னால் ஐந்தாவது ஆளோடு காது அடைத்துவிடும். எட்டுப் பேர் போதும். ஒருவர் எண்ணிக்கை, ஒருவர் தட அகலம், ஒரு கடைக்காரர், ஒரு பஸ் பயணி, ஒரு பெற்றார், உங்கள் மகன் என்று பங்கு பிரியுங்கள். தமிழில் பேச விரும்புகிறவருக்கு மொழிபெயர்ப்பு ஏற்பாடு உண்டா என்று செயலாளரிடம் முன்பே கேளுங்கள்.

கடைசி வாக்கியம் ஒரு கோரிக்கையாக இருக்கவேண்டும். "பாதையைக் காப்பாற்றுங்கள்" என்று முடிக்காதீர்கள். "இந்த எண் பரிந்துரையை நீக்கி, இந்தச் சந்திகளில் திரும்பு தடத்தையும் சிக்னல் நேரத்தையும் மாற்றி, ஓர் ஆண்டு அளந்து அறிக்கை தருமாறு போக்குவரத்துப் பிரிவைப் பணிக்கவும்" என்பதுபோல் சொல்லுங்கள். அந்த வாசகத்தைக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே, அதைப் பிரேரிக்கக்கூடிய ஓர் உறுப்பினரின் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். கூட்டம் நடக்கும்போது யாரும் உட்கார்ந்து எழுதமாட்டார்கள்.

முடிவு நகரசபைக்குப் போனால், மேயரோடு 26 வாக்கு. எல்லோரும் வந்தால் 14 வேண்டும். ஸ்காபரோவின் உறுப்பினர்கள் ஆறு பேர்தான். உள்ளூர் உறுப்பினரின் சொல்லுக்கு மற்றவர்கள் மதிப்புக் கொடுப்பது வழக்கம், எனவே அவரிடம் முதலில் போங்கள். அவர் மறுத்தால், தங்கள் வட்டாரத்திலும் இத்தகைய பாதைகள் உள்ள உறுப்பினர்களுக்கு எழுதுங்கள். 2012இல் ஜார்விஸில் ஆட்கள் வீதியில் இறங்கி வேலை வாகனங்களை மறித்தார்கள். பாதையை எடுக்க முடிவு செய்த 2011 வாக்கெடுப்பு முடிந்து ஓர் ஆண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. பாதை போய்விட்டது.

தள்ளிவைத்தால், எந்தத் திகதிக்கு என்பதைத் தீர்மானத்தில் எழுதவைக்கச் சொல்லுங்கள். எதிராகப் போனால், கோடுகளை அழிக்குமுன் வேகம், பயண நேரம், சைக்கிள் எண்ணிக்கை மூன்றையும் நகரசபை அளந்து பதிவு செய்யவேண்டும் என்று அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். நீங்கள் நின்று எண்ணிய தாள்களின் மூலப் பிரதிகளை, திகதியும் பெயரும் போட்டு, ஒரு வீட்டில் பத்திரமாக வையுங்கள்.