இரண்டு சில்லிலிருந்து நான்கு சில்லுக்கு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் போர்மியூலா வன் கார்ப் பந்தயத்திலும் உலகச் சம்பியனான ஜோன் சர்ட்டீஸைப் பற்றி நான்கு வரிகள் மட்டுமே எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் நிற்கும் மண்ணில் இந்த ஆர்வம் இயல்பானதுதான். அவற்றுள் சிலவற்றுக்கு இம்முறை விரிவாகப் பதில் தருகிறேன்.

உயர்தர மாணவர், முள்ளியவளை: ஐயா, இரண்டிலும் உலகச் சம்பியன் ஆனவர் சர்ட்டீஸ் ஒருவர்தான் என்று எழுதியிருந்தீர்கள். அது அவருக்கு எப்படி இயன்றது? அக்காலத்தில் கார்ப் பந்தயம் இலகுவாக இருந்ததா?

இலகுவாக இருக்கவில்லை, தம்பி. உயிருக்கு உத்தரவாதமே இல்லாத காலம் அது. ஆனால் அன்றைய கார் மோட்டார் சைக்கிளுக்கு உறவுமுறையான ஒரு பொறியாக இருந்தது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்துக்காரரான சர்ட்டீஸ் இளமையில் வின்சென்ட் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் பயிலுநராக இருந்து கைவேலை கற்றவர். இத்தாலியின் எம்.வி. அகுஸ்ட்டா அணிக்காக ஓடி, 1956 முதல் 1960 வரை 500 சீசீ பிரிவில் நான்கும் 350 சீசீ பிரிவில் மூன்றுமாக ஏழு உலகப் பட்டங்களை வென்றார். 1960 இன் தொடக்கத்தில் குட்வூட் தடத்தில் அவர் ஓடிய முதலாவது கார்ப் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க்குக்கு அடுத்ததாக இரண்டாமிடம் பெற்றார். அதே ஆண்டில் லோட்டஸ் அணி அவரைப் போர்மியூலா வன்னுக்கு எடுத்தது. இரண்டாவது பந்தயமான பிரித்தானிய கிரான்ட் பிறீயில் (உலகச் சம்பியன் தொடரில் அடங்கும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் இதுவே பெயர்) இரண்டாமிடம் பெற்றவர், மூன்றாவது பந்தயமான போர்த்துக்கல்லில் எல்லோரையும்விட விரைவாகச் சுற்றி முதல் இடத்திலிருந்து புறப்பட்டார். மோட்டார் சைக்கிளில் அந்த ஆண்டுக்கான இரு உலகப் பட்டங்களையும் வென்றுகொண்டே இதைச் செய்தார் என்பதுதான் என்னை இன்றும் வியக்கவைப்பது. அப்போது அவருக்கு வயது 26.

1963 இல் பெராரி அணியில் சேர்ந்து, அவ்வாண்டே ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங்கில் முதல் வெற்றியைப் பெற்றார். 1964 இன் பட்டம் கடைசிப் பந்தயமான மெக்சிக்கோவில்தான் தீர்மானமானது. கிரஹாம் ஹில், ஜிம் கிளார்க், சர்ட்டீஸ் ஆகிய மூவருக்கும் வாய்ப்பிருந்தது. ஹில்லின் காரில் பெராரியின் மற்றைய ஓட்டுநரான பன்டினி மோதியதால் ஹில் பின்தங்கினார். கிளார்க்கின் எஞ்சின் முடிவுக்குச் சற்று முன்னர் கைவிட்டது. பன்டினி வழிவிட, சர்ட்டீஸ் இரண்டாமிடத்துக்கு வந்து 40 புள்ளிகளுடன் சம்பியனானார். ஹில்லுக்குக் கணக்கில் எடுக்கப்பட்டவை 39 புள்ளிகள். ஒரு புள்ளி வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு அதிர்ஷ்டம் என்று சொல்வோர் உண்டு. அந்த ஆண்டு ஜேர்மனியிலும் இத்தாலியிலும் அவர் வென்றிராவிட்டால் அந்த அதிர்ஷ்டத்தால் ஒரு பயனும் விளைந்திராது என்பதே என் கருத்து.

கராஜ் தொழிலாளி, கிளிநொச்சி: மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் காருக்கு மாறும்போது எந்தத் திறமை கூடவே வரும், எதை மறக்கவேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கூட வருவதை முதலில் சொல்கிறேன். இரணைமடுக் குளக்கட்டிலோ கிரவல் வீதியிலோ மோட்டார் சைக்கிள் ஓடியவருக்கு, சில்லு சறுக்கத் தொடங்குவதற்கு ஒரு கணம் முன்னரே அது இருக்கையின் ஊடாகவும் கைபிடியின் ஊடாகவும் தெரிந்துவிடும். டயருக்கும் தரைக்கும் இடையிலான பிடிமானம் எங்கே முடிகிறது என்ற இந்த உணர்வுதான் எல்லாப் பந்தயத்துக்கும் அடிப்படை. கார் ஓட்டுபவர் எல்லையைத் தாண்டி, சுழன்று, மீண்டும் முயன்று அதைக் கற்கலாம். மோட்டார் சைக்கிளில் முன்சில்லு வழுக்கினால் பெரும்பாலும் விழவேண்டியதுதான், ஆகவே அவர் எல்லையைத் தாண்டாமலே அதன் விளிம்பை அறியப் பழகுகிறார். மழையில் இது பெரும் செல்வம். பிரான்ஸில் மோட்டார் சைக்கிள் சம்பியனாக இருந்து காருக்கு வந்த ஜோன் பியர் பெல்ற்றுவாஸ், 1972 இல் கொட்டும் மழையில் மொனாக்கோவை வென்றார். போர்மியூலா வன் உலகப் போட்டியில் அவர் பெற்ற ஒரே வெற்றி அது.

இன்னொன்று, எஞ்சினோடு பேசும் பழக்கம். பெற்றோல் வராத போர்க்காலத்தில் சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய எமது மூத்தவர்களுக்கு, எஞ்சின் எப்போது மூச்சுத் திணறுகிறது என்பதைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கத் தெரியும். கண்ணாடியோ கதவோ இல்லாமல் எஞ்சினின் மேலேயே அமர்ந்து ஓடுபவருக்கு அந்தக் காது இயல்பாக வாய்க்கிறது.

இனி மறக்கவேண்டியவை. மோட்டார் சைக்கிளில் உடலே ஒரு ஸ்ரேறிங். இடுப்பை உள்ளே இறக்கி, முழங்கால் தரையைத் தொட, 60 பாகைக்கு மேலும் சாய்ந்து வளைவார்கள். காரில் உடலை இறுக்கிக் கட்டிவிடுவார்கள். செய்தி வரும் வழியே மாறிவிடுகிறது. பிறேக்கும் வேறுவிதம். உயரமான, குறுகிய மோட்டார் சைக்கிளில் முன்பிறேக்கை ஓரளவுக்கு மேல் இறுக்கினால் பின்சில்லு மேலே எழும்பும். பிடிமானம் மீதி இருந்தாலும் கவிழும் பயமே அளவை நிர்ணயிக்கும். காரில் அந்தப் பயம் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் காற்றினால் வருவது. 1968 இல் போர்மியூலா வன் கார்களில் இறக்கைகள் பொருத்தத் தொடங்கினார்கள். ஆகாய விமானத்தின் இறக்கை மேலே தூக்குவதைப்போல, தலைகீழாகப் பொருத்திய இந்த இறக்கை காரைத் தரையோடு அமுக்குகிறது. வேகம் கூடக்கூட அமுக்கமும் கூடும். ஆகவே வேகமான வளைவில் பயந்து மெதுவாகப் போகும் கார் பிடிமானத்தை இழக்கும், துணிந்து வேகமாகப் போகும் கார் ஒட்டிக்கொள்ளும். வேகம் கூடினால் ஆபத்தும் கூடும் என்று வாழ்நாள் முழுவதும் உடம்பில் எழுதிவைத்த ஒருவருக்கு இதை நம்புவதே கடினம். பிறேக்கும் அப்படியே: அமுக்கம் மிகுந்திருக்கும் தொடக்கத்திலேயே முழுப் பலத்தோடு மிதித்து, வேகம் குறையக்குறையக் காலைத் தளர்த்த வேண்டும். வளைவில் உடல் எடையின் ஐந்து மடங்குவரை பக்கவாட்டில் இழுக்கப்படுவதால், கழுத்தைத் தனியாகப் பயிற்றவேண்டியும் உள்ளது.

நேர்ப்பாதையில் மோட்டார் சைக்கிள் சளைத்ததல்ல. 2023 இல் இத்தாலியின் முகெல்லோவில் மோட்டார் சைக்கிள் வீரர் பிராட் பின்டர் மணிக்கு 366.1 கிலோமீற்றர் வேகத்தை எட்டினார். ஆனாலும் பார்சிலோனாத் தடத்தில் ஒரு சுற்றுக்குப் போர்மியூலா வன் கார் 20 வினாடிகளுக்கும் மேல் முந்திவிடுகிறது. அந்த வித்தியாசம் முழுவதும் வளைவிலும் பிறேக்கிலும் கிடைப்பது. சர்ட்டீஸ் மாறிய 1960 இல் இறக்கை இல்லை, டயர் ஒடுக்கம், நான்கு சில்லும் மெல்லச் சறுக்கிக்கொண்டிருக்க, அக்சிலேற்றரால் காரைத் திருப்பினார்கள். அவருக்கு முன்பே அறிமுகமான மொழிதான் அது.

ஆசிரியை, வவுனியா: மைக் ஹெயில்வுட் என்ற வீரர் தீயில் இறங்கி ஒருவரைக் காப்பாற்றியதாக வாசித்தேன். அவரும் மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தவர்தானா?

ஆம். ஒன்பது உலகப் பட்டங்களும் 76 கிரான்ட் பிறீ வெற்றிகளும் பெற்ற அவரை, மோட்டார் சைக்கிளில் சர்ட்டீஸைவிடவும் திறமையானவர் என்று கருதுபவர்களில் நானும் ஒருவன். காரில் அவருக்குப் போர்மியூலா வன் வெற்றி கிட்டவில்லை. 1972 இல் இத்தாலியில் பெற்ற இரண்டாமிடமே அவரது உச்சம். அந்த ஆண்டு அவர் ஓடியது சர்ட்டீஸ் சொந்தமாகத் தொடங்கிய அணியின் காரில். போர்மியூலா வன்னுக்கு ஒரு படி கீழான ஐரோப்பிய போர்மியூலா ரூ கார்ப் பந்தயப் பட்டத்தையும் அவ்வாண்டு வென்றார்.

நீங்கள் கேட்ட சம்பவம் 1973 இல் தென்னாபிரிக்காவின் கியாலாமியில் நடந்தது. அவரது காரும் கிளே ரெகசோனியின் காரும் மோதி, ரெகசோனியின் கார் தீப்பிடித்தது. உணர்விழந்திருந்த ரெகசோனியை விடுவிக்க ஹெயில்வுட் தீக்குள் போனார்; அவருடைய உடையிலும் தீப்பற்றியது; அதை அணைத்துக்கொண்டு மறுபடியும் போய் அவரை வெளியே இழுத்தெடுத்தார். பிரித்தானிய அரசு ஜோர்ஜ் பதக்கம் வழங்கியது. பட்டங்களை எண்ணும்போது இந்தப் பதக்கத்தையும் சேர்த்தே எண்ணவேண்டும், ஆசிரியை அவர்களே.

1974 இல் நூர்பேர்க்ரிங்கில் கால் முறிந்ததோடு கார்ப் பந்தயம் முடிந்தது. ஆனால் 1978 இல், 38 வயதில், மான் தீவு மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குத் திரும்பி டுகாட்டி மோட்டார் சைக்கிளில் வென்றார்.

இளைஞர், புதுக்குடியிருப்பு: வலன்ரீனோ ரோசி ஏன் போர்மியூலா வன்னுக்குப் போகவில்லை? இனி யாராவது போவார்களா?

இத்தாலிய மோட்டார் சைக்கிள் சம்பியனான ரோசி 2004 இல் பெராரிக் காரை முதன்முதலாகப் பரீட்சித்தார். 2006 தொடக்கத்தில் ஸ்பெயினின் வலன்சியாவில் மற்றைய போர்மியூலா வன் ஓட்டுநர்களோடு சேர்ந்தே ஓடினார். அப்போது அவருக்கும் சர்ட்டீஸ் மாறிய அதே 26 வயது. அவ்வாண்டே மோட்டார் சைக்கிளில் தொடர்வதெனத் தீர்மானித்தார். ஒன்பது உலகப் பட்டங்களோடு 2021 இல் ஓய்வுபெற்ற பின்னரே முழுநேரமாகக் கார்ப் பந்தயத்துக்கு வந்தார், அதுவும் கூரையுள்ள கார்களுக்கு. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். எட்டு வயதிலிருந்து கார்ட் என்னும் சிறு பந்தயக் கார் ஓட்டி வந்தவர்கள் நடுவே 26 வயதில் அரிச்சுவடி தொடங்குவதற்கு, உலகின் முதல்வராக இருந்த இடத்தை விடவேண்டியிருந்திருக்கும்.

அவருக்கு முன்னர் வெனிசுவேலாவின் ஜொனி செக்கோற்றோ முயன்றார். 1975 இல் 19 வயதில் 350 சீசீ சம்பியனான அவர், 1984 இல் டோல்மன் அணியில் அயர்ட்டன் சென்னாவின் சக ஓட்டுநராக இருந்தபோது, பிரித்தானியாவில் பயிற்சியின்போது இரு கால்களும் முறிய விலகினார். அவருக்குப் பின் மோட்டார் சைக்கிள் உலகச் சம்பியன் எவரும் போர்மியூலா வன் பந்தயத்தில் ஓடவில்லை. ஹோர்ஹே லொறென்சோ 2016 இலும் மார்க் மார்க்கஸ் 2018 இலும் ஓட்டிப் பார்த்ததோடு சரி.

இன்று கதவு சட்டத்தாலேயே மூடப்பட்டுவிட்டது. 2016 முதல், போர்மியூலா வன் ஓட்டுவதற்கான விசேட அனுமதிப்பத்திரத்துக்கு மூன்று ஆண்டுகளுக்குள் 40 புள்ளிகள் வேண்டும். பெரும்பாலும் கார்ப் பந்தயத் தொடர்களில்தான் அவற்றைச் சேர்க்கலாம்; மோட்டார் சைக்கிளில் எத்தனை உலகப் பட்டம் வென்றாலும் ஒரு புள்ளியும் இல்லை. பரீட்சார்த்த ஓட்டங்களும் கடுமையாக மட்டுப்படுத்தப்பட்டுள்ளன. அனுபவமற்ற பணக்காரர்களைத் தடுக்க விதி தேவைதான். ஆனால் ஒரு மோட்டார் சைக்கிள் உலகச் சம்பியனுக்குப் பாதிப் புள்ளிகளாவது வழங்குவதே நீதி என்பது என் உறுதியான நிலைப்பாடு.

ஒரு தாய், மாங்குளம்: பதினைந்து வயது மகன் தகப்பனின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏ9 வீதியில் ஓடுகிறான். கேட்டால், பந்தய வீரனாகப் பயிற்சி எடுப்பதாகச் சொல்கிறான். என்ன செய்வது?

திறப்பை இன்றே வாங்கி வையுங்கள், அம்மா. போர்மியூலா வன்னின் விசேட அனுமதிப்பத்திரத்துக்குக்கூடச் சாதாரண சாரதி அனுமதிப்பத்திரம் கையில் இருக்கவேண்டும் என்றே 2016 இல் வந்த விதி சொன்னது. அதைப் பெறும் வயது வரும்வரை வீதியில் ஓடுவது எந்தப் பந்தயத்துக்கும் பயிற்சி ஆகாது. எத்தனையோ பந்தயங்களில் உயிர் தப்பிய ஹெயில்வுட், 1981 இல் பிள்ளைகளோடு சாதாரண வீதியில் போகையில், குறுக்கே திரும்பிய லொறியில் மோதுண்டு, மகளோடு சேர்த்து உயிரிழந்தார் என்பதை மகனிடம் வாசித்துக் காட்டுங்கள்.

ஆர்வத்தை மட்டும் அணைத்துவிடாதீர்கள். எஞ்சினைக் கழற்றிப் பூட்டப் பழகட்டும். நல்ல கராஜ் ஒன்றில் விடுமுறைக்கு விடுங்கள். இலங்கையில் தியத்தலாவை, நுவரெலியா போன்ற இடங்களில் ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயங்கள் நடந்துவந்துள்ளன. அங்கே போவதானால் பாதுகாப்பு வேலிக்கு நன்கு பின்னால் நில்லுங்கள், ஏனெனில் 2024 ஏப்ரலில் தியத்தலாவையில் பார்வையாளர்கள்மீது கார் பாய்ந்து ஏழு பேர் உயிரிழந்தனர். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஜோர்டன் அணியில் ஓடி, போர்மியூலா வன்னின் முதலாவது இந்திய ஓட்டுநரானார் என்பதையும் சொல்லுங்கள். அவருக்குப் பந்தயத் தடமும் பயிற்சிப் பள்ளியும் பெரும் செலவைத் தாங்கும் ஆதரவும் இருந்தன என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வாசகர், அக்கராயன்: காரிலிருந்து மோட்டார் சைக்கிளுக்குப் போனவர் உண்டா?

மைக்கல் சூமாக்கரைச் சொல்லலாம். போர்மியூலா வன்னில் ஏழு தடவை சம்பியனாகி 2006 இல் ஓய்வுபெற்ற பின் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓடினார். 2009 பெப்ரவரியில் ஸ்பெயினில் விழுந்து கழுத்தில் காயமடைந்தார். அதே ஆண்டு பெராரி ஓட்டுநர் பெலிப்பே மாசா காயமுற்றபோது அந்த அணி சூமாக்கரைத் திரும்ப அழைத்தது; அந்தக் கழுத்து இடங்கொடுக்காததால் அவரால் போக முடியவில்லை.