மேக்னம் பிஸ்டல்: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

ராணுவத்துல ஆர்மரரா, அதாவது துப்பாக்கி பழுது பாக்கறவனா இருந்து ரிட்டயர் ஆகி இப்ப தர்மபுரில இருக்கேன். மேக்னம்னு சொல்ற அதிக பவர் தோட்டா போடற பெரிய பிஸ்டலுங்க பத்தி கேட்டவங்களுக்கு மொத்தமா பதில் சொல்லிடறேன்.

அண்ணா, பப்ஜில வர்ற டெசர்ட் ஈகிள் நிஜத்துலயும் அவ்ளோ பவரா? ஒத்தக் கையில சுடலாமா? (ஓசூர்)

பவர் நிஜம்தான் தம்பி. ஆனா பாயிண்ட் 50 மாடல் கிட்டத்தட்ட 2 கிலோ. மளிகைக் கடை 2 கிலோ எடைக்கல்ல வாங்கி கைய நேரா நீட்டி ஒரு நிமிஷம் புடிச்சுப் பாரு, மணிக்கட்டு நடுங்க ஆரம்பிச்சுடும், அந்த நடுக்கத்தோட குறி வைக்கணும்னா யோசிச்சுக்க. எங்க யூனிட்ல இருந்த 9 எம்எம் 1ஏ பிஸ்டல் ஒரு கிலோ கூட வராது, 13 ரவுண்டு போகும். ஈகிள் பாயிண்ட் 50ல 7தான். அப்புறம் ஈகிளோட இன்னொரு மாடல்ல போடற பாயிண்ட் 44 மேக்னம் தோட்டா நீளமே 41 மில்லிமீட்டர் கிட்ட, மேகசின் கைப்பிடிக்குள்ள போகணுமில்ல, அதனால கைப்பிடி அவ்ளோ தடிமன், சின்னக் கைக்கு டிரிகர் எட்டறதே கஷ்டம்.

சாதா பிஸ்டல் மாதிரிதான் வேலை செய்யுமா சார்? (பாலக்கோடு)

இல்லீங்க, எனக்கு இது புடிக்கறதே இந்த விஷயத்துக்காகத்தான். 9 எம்எம்ல சுட்ட வேகத்துலயே பேரலும் சேந்து கொஞ்சம் பின்னால வந்து சாஞ்சு ஸ்லைட, அதாவது மேல முன்ன பின்ன ஓடற கூட்ட, விட்டுடும். ஈகிள்ல பேரல் அசையவே அசையாது, தோட்டா உக்கார்ற சேம்பர் தாண்டினதும் ஒரு சின்ன ஓட்டை, அதுவழியா மருந்து எரிஞ்ச கேஸ் பேரலுக்கு அடியில முன்னால ஓடி பிஸ்டன தள்ளும், பிஸ்டன் ஸ்லைட தள்ளும், அப்பதான் தோட்டாவ பின்னால அடைச்சிருக்கற போல்ட் திரும்பி லாக் விடும், அதாவது ரைபிள் சமாச்சாரத்த கைக்குள்ள அடக்கியிருக்காங்க. அந்த ஓட்டை அடைச்சா கதை முடிஞ்சது, அதனாலதான் செம்பு உறை இல்லாத ஈய குண்டு இதுல போடவே கூடாது. ராணுவத்துல நாங்க வச்சிருந்த எஸ்எல்ஆர் ரைபிளும் கேஸ்ல ஓடறதுதான், அதுல கேஸ் போற வழியில கரி புடிச்சு சுடாம நின்னுபோனத எத்தனையோ தடவ பாத்திருக்கேன், சுரண்டி எடுத்தா ரெண்டு நாளைக்கு நகக்கண்ணு கருப்பாவே இருக்கும். இன்னொண்ணு, பாயிண்ட் 50 தோட்டாவோட அடி விளிம்பு பாயிண்ட் 44 மேக்னம் அளவுலயே வச்சிட்டாங்க, பேரலும் மேகசினும் மாத்தினா அதே பிஸ்டல்ல ரெண்டும் ஓடும். அருமையான மூளை அது.

ஆட்டோ மேக்னு இன்னொரு மேக்னம் பிஸ்டல் ஏன் அபூர்வம்? (தர்மபுரி)

1971ல கலிபோர்னியால ஹாரி சான்ஃபோர்ட் கொண்டு வந்தாரு. ஆசைப்பட்டு வாங்கினவங்களுக்கு தோட்டா கிடைக்கல, ரைபிள் தோட்டா கூட்ட வெட்டி அவங்களே தயாரிச்சுக்கணும், விலையும் அடக்கத்துக்கு கம்மியா வச்சுட்டாங்க, அடுத்த வருஷமே கம்பெனி திவால்.

ராகிக் காட்டுல பன்னி அழிச்சிடுது, இந்த மாதிரி ஒண்ணு லைசென்ஸ்ல வாங்கலாமா? (தேன்கனிக்கோட்டை)

வேண்டாங்கய்யா. அந்தப் பிஸ்டல் அமெரிக்காவுல ரேஞ்சுல சுடறவனுக்கும் வேட்டைக்குப் போறவனுக்கும்தான், ராத்திரி இருட்டுல ஓடற பன்னிய அதுல அடிக்கறது நடக்காத காரியம். நம்ம ஊர்ல லைசென்ஸ்ல கைத்துப்பாக்கின்னா பெரும்பாலும் பாயிண்ட் 32தான். லைசென்ஸ் இருந்தாலும் காட்டுப்பன்னிய நீங்களா சுட முடியாது, காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டர் தாண்டி இருந்தாத்தான் சுடறதுக்கே வழி, அதுவும் வனத்துறை ஆளுங்கதான் சுடணும். எவனாச்சும் லைசென்ஸ் இல்லாம நாட்டுத் துப்பாக்கி தர்றேன்னு வந்தா தொடாதீங்க, ஆயுதச் சட்டத்தோட 2019 திருத்தத்துக்கப்புறம் கையில வச்சிருந்தாலே குறைஞ்சது 2 வருஷம் உள்ள. மிதிச்ச இடத்த அப்படியே விட்டு போட்டோ எடுங்க, ரேஞ்சர் ஆபீஸ்ல இழப்பீட்டு மனு எழுதிக் குடுங்க, எழுத ஆள் இல்லைன்னா சொல்லுங்க நான் எழுதித் தர்றேன்.