மைக்ரோவேவை ஓரமா வைங்க, ரைஸ் குக்கரை எடுங்க

கேள்வி: அண்ணே, ஜூன் லீவுல எங்க புளோக் வாய்ட் டெக்ல (கீழ்த்தளத் திறந்த இடத்துல) செகண்டரி ஒன், டூ பிள்ளைங்களுக்கு பழைய எலெக்ட்ரிக் சாமானைக் கழட்டிப் பாக்குற வொர்க்‌ஷாப் வைக்கிறோம். அக்கம்பக்கத்துல கேட்டதுல மைக்ரோவேவ், ஃபேன், ரைஸ் குக்கர்னு குவிஞ்சிருச்சு. எதைப் பிள்ளைங்க கையில குடுக்கலாம்?
- வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

பதில்: அந்த மைக்ரோவேவை மொதல்ல ரூமுக்குள்ள வச்சுப் பூட்டுங்கம்மா. பிளக்கைத்தான் புடுங்கியாச்சேன்னு யாராச்சும் சொல்வாங்க, கேக்காதீங்க, உள்ள இருக்குற கெப்பாசிட்டர் 2000 வோல்ட் கிட்ட சார்ஜைப் புடிச்சு வச்சிருக்கும், கரண்டே இல்லாட்டியும் ஆளை அடிச்சிரும். பழைய குண்டு டிவி, ஃப்ளாஷ் கேமரா, ஃபிரிட்ஜ், லித்தியம் பேட்டரி உள்ளது எதுவும் வேணாம்.

மீதி சாமான்ல முந்தின நாளே நீங்களே வயரை வெட்டிருங்க. வெட்டின பிளக் துண்டை மட்டும் மேசையில விட்டுடாதீங்க, நம்ம ஊர் சாக்கெட்ல 230 வோல்ட், எந்த வாண்டாவது அதை எடுத்து சொருகிட்டா கம்பி முனையில நேரா கரண்டு.

என்னைக் கேட்டா ரைஸ் குக்கர் ஒண்ணே பாதி நாளுக்குப் போதும். அடியைக் கழட்டினா நடுவுல ஸ்பிரிங் மேல ஒரு குட்டி வட்டம் இருக்கும், அது காந்தம். தண்ணி இருக்குற வரைக்கும் பானை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, தண்ணி வத்தினதும் சூடு ஏறி 103 டிகிரி பக்கம் வந்தா காந்தம் புடியை விட்டுரும், ஸ்பிரிங் தள்ளும், சுவிட்ச் டக்குனு விழும். இதை நீங்க சொல்லாதீங்க, "சோறு வெந்தது இதுக்கு எப்படித் தெரியுது?"ன்னு கேட்டுட்டு சும்மா நில்லுங்க. அவங்களே விரலால அமுக்கி அமுக்கிக் கண்டுபுடிப்பாங்க.

டேபிள் ஃபேன்ல ஒரு வேடிக்கை இருக்கு, றெக்கையைப் புடிச்சிருக்குற மூடி பெரும்பாலும் தலைகீழ் மரை, வலது பக்கம் திருகினாத்தான் கழலும், வழக்கம்போல திருகுற பையன் இறுக்கிக்கிட்டே இருப்பான்.

அஞ்சு பிள்ளைக்கு ஒரு பெரியவர், எல்லாருக்கும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. கைப்பழக்கம் உள்ள ஆள் கிடைக்கலன்னா ரிப்பேர் கோப்பித்தியாம்ங்கிற அமைப்புல கேளுங்க, 2014-லேருந்து பழுது பாக்க சொல்லிக்குடுக்குறவங்க. திரும்ப மாட்டச் சொல்லி உயிரை வாங்காதீங்க, வயர் வெட்டினது எதுவும் வீட்டுக்கும் போகக் கூடாது, இரும்பு அலுமினியத்தைக் காராங்குனிக்காரர்கிட்ட (பழைய சாமான் வாங்குறவர்கிட்ட) குடுத்துருங்க.