வலுவூட்டிய சப்ஃபிரேமில் கடினமான எஞ்சின் மவுண்ட்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது 1997ஆம் ஆண்டில் பதிவான பிஎம்டபிள்யூ 328ஐ, ஈ36 வகை, ஐந்து கியர் மேனுவல். வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டி வருகிறேன். எஞ்சினைத் தாங்கும் எஃகுச் சட்டமான முன் சப்ஃபிரேமில், அதிர்வை உறிஞ்சும் இடப்பக்க எஞ்சின் மவுண்ட் அமரும் தட்டின் ஓரத்தில் விரிசல் விட்டிருந்ததால், சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் உள்ள ஒரு பட்டறையில் சப்ஃபிரேமைக் கழற்றி, இரு பக்கத் தட்டுகளின் மேலும் 3 மில்லிமீட்டர் எஃகுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். ஷோர் ஏ அளவுகோலில் (எண் கூடக் கடினம் கூடும்) 95 கடினம் கொண்ட பாலியூரிதேன் மவுண்ட்டுகளையும் நானே வாங்கிக் கொடுத்துப் பொருத்தினேன். இப்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. சிவப்பு விளக்கில் ஏர்கானுடன் நிற்கும்போது பின்னோக்குக் கண்ணாடியில் எதுவும் தெளிவாகத் தெரியாத அளவுக்கு அதிர்கிறது. இடப்பக்க மவுண்ட்டின் கீழ் நட்டு, மவுண்ட்டிலிருந்து நீளும் மரையிட்ட தண்டான ஸ்டட்டின் முனையோடு சமமாக நின்றுவிட்டது. “ஓட ஓடச் சரியாகிவிடும்” என்கிறார்கள். குறை தகட்டிலா, மவுண்ட்டிலா? — ஈசூன் வாசகர்

பதில்: அந்த நட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற எல்லாம் ஒரு வாரம் காத்திருக்கலாம், அது காத்திருக்கக் கூடாது. இறுக்கியபின் ஸ்டட்டின் ஓரிரு மரைகளாவது நட்டைத் தாண்டி வெளியே தெரிய வேண்டும். சமமாக நின்றுவிட்டது என்றால், நட்டின் கடைசி மரைகளும், சுயமாகப் பூட்டிக்கொள்ளும் நட்டாக இருந்தால் அதன் பூட்டும் பகுதியும், ஸ்டட்டை முழுமையாகப் பற்றவில்லை என்று பொருள். சரிசெய்யும்வரை காரை வேகமாக முடுக்காதீர்கள். முடிந்தால் எடுக்கவே வேண்டாம். ஓட ஓடச் சரியாகும் கோளாறு அல்ல இது. பாலியூரிதேன் நாளடைவில் சற்றுப் பதமாகலாம், ஆனால் குட்டையான ஸ்டட் நீளாது.

காரணம் தெளிவாகவே இருக்கிறது. தட்டின் மேல் 3 மில்லிமீட்டர் தகடு ஏறியதும் ஸ்டட் கடந்துவர வேண்டிய கனம் அதே அளவு கூடிவிட்டது. மவுண்ட்டைச் செய்தவர் வலுவூட்டாத தட்டின் கனத்துக்கே ஸ்டட்டின் நீளத்தை வைத்திருப்பார்.

‘டக்’ சத்தத்துக்கும் அந்தத் தகடே காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன். இந்த வகை மவுண்ட்டின் அடியில், அது திரும்பிவிடாமல் இருப்பதற்காகச் சிறிய முளை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதற்கான துளை மூலத் தட்டில் இருக்கிறது. புதிய தகட்டில் ஸ்டட்டுக்கான துளையை மட்டும் போட்டுவிட்டு முளைக்கான துளையை மறந்திருந்தால், மவுண்ட் சமதளமாக அமராமல் முளையின் மேல் சாய்ந்து நிற்கும். முடுக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து, காலை எடுத்ததும் மறுபக்கம் விழும். சோதிப்பது கடினமல்ல. மேலிருந்து தாங்கும் குறுக்குக் கம்பியில் எஞ்சினை மாட்டி, இரு பக்க நட்டுகளையும் தளர்த்தி, எஞ்சினைச் சில மில்லிமீட்டர் உயர்த்திப் பாருங்கள். தகட்டில் ஒரே இடத்தில் பளபளவென்று தேய்ந்த புள்ளி தெரிந்தால் அதுதான் முளை இடித்த இடம். எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் நேராக ஜாக் வைத்து எஞ்சினைத் தூக்க வேண்டாம். அந்தத் தொட்டி எஞ்சினைச் சுமப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல.

இனி, விரிசல் ஏன் இடப்பக்கத்தில் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் மவுண்ட்டின் கடினத்தை அதை வைத்தே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் எஞ்சினின் உச்சத் திருப்புவிசை 280 நியூட்டன் மீட்டர். ஆனால் நீளவாக்கில் அமர்ந்த எஞ்சினில், மவுண்ட்டுகள் தாங்குவது கியர்பாக்ஸிலிருந்து பின்னோக்கி வெளியேறும் திருப்புவிசையின் எதிர்வினையை. முதல் கியரின் விகிதம் சுமார் 4.2, ஆகவே அது ஏறத்தாழ 1,180 நியூட்டன் மீட்டர். இரு மவுண்ட்டுகளுக்கும் இடையே அரை மீட்டர் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், ஒரு பக்கத்தில் சுமார் 240 கிலோ எடைக்கு ஈடான விசை கீழே அழுத்த, மறுபக்கத்தில் அதே அளவு மேலே இழுக்கிறது. இதில் சிறு பங்கைக் கியர்பாக்ஸ் மவுண்ட் ஏற்றுக்கொள்ளும். முன்னால் நின்று பார்த்தால் கிராங்க் கடிகார முள்ளின் திசையில் சுழல்வதால், எஞ்சின் உடல் எதிர்த்திசையில் உருள முயல்கிறது. எனவே முடுக்கும்போது மேலே இழுபடுவது காரின் இடப்பக்கம், அதாவது நம் ஊரில் முன்பயணி அமரும் பக்கம். அழுத்தத்தைத் தட்டு எளிதில் தாங்கிக்கொள்ளும்; மேலே உரிக்கும் இழுப்பைத்தான் பற்றவைப்பின் ஓரங்கள் தாங்க முடியாமல் வாய் திறக்கின்றன.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று இருக்கிறது. சீராக முடுக்கும்போது வரும் இந்த 240 கிலோ, மவுண்ட் ரப்பரானாலும் பாலியூரிதேனானாலும் மாறாது. மாறுவது, கிளட்ச்சைச் சட்டென்று விடும்போதும், காலை எடுத்து மீண்டும் அழுத்தும்போதும், வேகத்தடையில் இறங்கும்போதும் வரும் திடீர் அடியின் உச்சம். ரப்பர் அந்த அடியைச் சற்று நீண்ட நேரத்துக்குப் பரப்பிக் கொடுக்கும். ஷோர் ஏ 95 அப்படியே கைமாற்றிவிடும். சப்ஃபிரேமை வலுப்படுத்தியது நல்ல வேலை, தேவையான வேலையும்கூட. ஆனால் தட்டு தாங்கிக்கொள்ளும் என்று மவுண்ட்டையும் கல்லாக்கிவிட்டால், அடுத்து அந்த அடி போய்ச் சேர்வது எஞ்சின் பக்கத்து வார்ப்பு அலுமினியக் கைக்கும், அதை எஞ்சினோடு பிணைக்கும் போல்ட்டுகளுக்கும். எஃகுத் தட்டில் விழுந்த விரிசலைப் பற்றவைக்கலாம். எஞ்சினின் உடலில் மரை பிய்ந்தால் அந்த வேலையின் செலவு வேறு.

அதனால் என் பரிந்துரை, ஷோர் ஏ 95ஐக் கழற்றிவிட்டு 70 முதல் 80 வரையிலான கடினத்தில் ஒரு சோடியைத் தேடுங்கள். பந்தயத்தளத்துக்கே போகாதவர் என்றால் புதிய மூல ரப்பர் மவுண்ட்டுகளே போதும். வலுவூட்டிய தட்டின் மேல் புதிய ரப்பர் என்பது, என் கருத்தில், அன்றாடம் ஓடும் ஈ36க்கு மிகச் சிறந்த சேர்க்கை. உங்கள் ஆறு சிலிண்டர் எஞ்சின் 700 சுற்றில் சும்மா நிற்கும்போது வினாடிக்கு 35 முறை எரிப்பு நிகழ்கிறது. ஏர்கானின் கம்பிரஸர் சுமை ஏறும்போது ஒவ்வொரு எரிப்பின் துடிப்பும் வலுக்கிறது. நம் ஊரில் ஏர்கான் இல்லாமல் கார் நிற்கும் நேரமே அரிது. கண்ணாடி அதிர்வதை மட்டும் பொறுத்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். எரிப்பில் எழும் தட்டலை உணர எஞ்சினில் உள்ள நாக் சென்சார்கள் கடினமான மவுண்ட்டின் வழியே வரும் தட்டல்களையும் எரிப்புக் கோளாறாக எண்ணி, தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளிவிடக்கூடும். அப்போது, வேகத்துக்காகச் செய்த மாற்றமே வேகத்தைக் குறைக்கிறது. கியர்பாக்ஸ் மவுண்ட்டையும் அதே தரத்துக்கு மாற்றுங்கள். முன்னால் இறுக்கமும் பின்னால் நைந்த ரப்பரும் இருந்தால் முழுத் தொகுதியும் முன்முனையை ஊன்றி வாலை ஆட்டும்.

தட்டைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. நீளமான ஸ்டட் உள்ள மவுண்ட்டை வாங்கலாம்; அல்லது மவுண்ட்டும் அதன் முளையும் அமரும் பகுதியில் மட்டும் தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, சுற்றுப்புறப் பற்றவைப்பை அப்படியே விடலாம். எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கிறது, ஏனெனில் அது எஞ்சினின் உயரத்தையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுகிறது. வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட ஈ36இல் ஸ்டியரிங் தண்டும் புகைக்குழாய்த் தொகுதியும் ஒரே பக்கத்தில் நெருங்கி நிற்பதால், 3 மில்லிமீட்டர் உயர்வும் சாய்வும் அங்கே உராய்வாகவோ இடிப்பாகவோ வெளிப்படலாம். ரேடியேட்டர் விசிறிக்கும் அதன் உறைக்கும் இடையிலான இடைவெளியையும் கையால் சுற்றிப் பாருங்கள்.

மவுண்ட் அமரும் முகங்களில் பெயிண்ட்டோ பவுடர் பூச்சோ இருக்கக் கூடாது. இறுக்கத்துக்குக் கீழே பூச்சு நசுங்கி மெலிய, நட்டு தானாகத் தளர்ந்துவிடும். புகைக்குழாய்ப் பக்கத்தில் நைலான் வளையம் உள்ள நட்டைப் போடாதீர்கள், வெப்பத்தில் அது பிடியை இழக்கும். முழு உலோகப் பூட்டு நட்டு வேண்டும். எல்லா நட்டுகளையும் முதலில் விரலால் ஏற்றி, எஞ்சினின் முழு எடையும் மவுண்ட்டில் இறங்கியபின், உங்கள் வகைக்குரிய பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே வாழும். எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையிலான எர்த் பட்டையை மறவாமல் மாட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் அந்தப் பட்டறையில் கேளுங்கள்: பற்றவைக்கும்போது சப்ஃபிரேமைத் தட்டையான மேசையில் போல்ட்டால் பிணைத்திருந்தார்களா? நீளமாக ஒரே மூச்சில் ஓட்டிய பற்றவைப்பு குளிரும்போது இரும்பை இழுக்கும். ஸ்டியரிங் பெட்டியும் கீழ்க் கைகளின் உட்புற மூட்டும் அதே சப்ஃபிரேமில்தான் பிணைந்திருக்கின்றன. சக்கர நேர்த்தியை (வீல் அலைன்மென்ட்) அளந்து பாருங்கள். இடமும் வலமும் ஒத்துப்போகாமல் ஒரு பக்கம் மட்டும் விலகியிருந்தால், சந்தேகம் சப்ஃபிரேமின் மேல்தான் விழ வேண்டும்.

கேள்வி: என் மகன் தன் முன்சக்கர இயக்கக் காருக்கு எல்லா மவுண்ட்டையும் கடினமாக்கப் போகிறானாம். அதே காரில்தான் என்னையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறான். ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா? — ஜூரோங் வாசகி

பதில்: போதும், அம்மா. குறுக்காக அமர்ந்த எஞ்சினில் எடையைத் தாங்கும் மவுண்ட்டுகள் வேறு, முன்னும் பின்னும் உருளாமல் தடுக்கும் கீழ்க் கை வேறு என்று பல கார்களில் பிரிந்தே இருக்கின்றன. அந்தக் கீழ்க் கையின் புஷ்ஷை (மூட்டில் உள்ள ரப்பர் உருளை) மட்டும் நடுத்தரக் கடினத்துக்கு மாற்றினால், கியர் மாற்றத்தின் உறுதியில் பெரும்பங்கு கிடைத்துவிடும். இருக்கைக்கு வரும் அதிர்வு மிதமாகவே கூடும். எடை தாங்கும் மவுண்ட்டுகள் பழையவை என்றால், அவற்றை மூல ரகத்திலேயே புதிதாக மாற்றச் சொல்லுங்கள். உள்ளே திரவம் நிரப்பிய வகையாக இருந்தால், கசிவின் கறை இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

கேள்வி: இத்தகைய வேலைக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டுமா? — உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: அனுமதி தேவையற்றவை, அனுமதி வேண்டியவை, அறவே கூடாதவை என்று மாற்றங்களை ஆணையம் மூன்றாகப் பிரித்திருக்கிறது. தேய்ந்த மவுண்ட்டுக்குப் பதிலாக அதே ரக மவுண்ட்டைப் போடுவது பராமரிப்பு. சப்ஃபிரேமில் தகடு பற்றவைப்பது கட்டமைப்பைத் தொடும் வேலை. ஆகவே பட்டறை சொல்லும் வாய்மொழியை நம்பாமல், படத்துடன் ஆணையத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். பத்து ஆண்டைக் கடந்த கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். பரிசோதகர் கீழிருந்து பார்க்கையில் புதிய பற்றவைப்பு கண்ணில் படும். அந்நேரத்தில் அந்தக் கடிதமும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும், பட்டறையின் ரசீதும் காரிலேயே இருக்கட்டும்.