சூனியக்காரிகளை எல்லாம் எரித்தார்களா?

‘ஐரோப்பாவில் சூனியக்காரிகளை உயிரோடு எரித்தார்களாமே, எங்கள் யாழ்ப்பாணத்துச் செய்வினைக்காரரும் அதே ஆட்கள்தானா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாரையும் எரிக்கவில்லை. அமெரிக்காவின் சேலத்தில் (தமிழ்நாட்டுச் சேலம் இல்லை) 1692இல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு முதியவரைப் பாறாங்கற்களை ஏற்றி நசுக்கினார்கள். எரிக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை. இங்கிலாந்திலும் பெரும்பாலும் தூக்குத்தான். எரித்தது ஜேர்மன் பகுதிகள், ஸ்கொட்லாந்து போன்ற இடங்களில். ஸ்கொட்லாந்தில் அநேகமாக முதலில் கழுத்தை நெரித்துவிடுவார்கள்.

இடைக்காலத்து மூடத்தனம் என்பதும் சரியில்லை. வேட்டை உச்சத்தில் இருந்தது சுமார் 1560 முதல் 1630 வரை, அச்சுக்கூடம் வந்து நூறு வருடம் கழித்து. கொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய 40,000 முதல் 60,000 வரை. அதில் ஐந்தில் ஒரு பங்காவது ஆண்கள். ஐஸ்லாந்தில் பெரும்பாலும் ஆண்களேதான்.

செய்வினைக்காரர் கதை வேறு. ஐரோப்பாவில் மாட்டுப்பட்டவர்களில் அநேகர் மந்திரமே தெரியாத அயலவர்கள், சித்திரவதை தாங்காமல் ‘ஓம், நான்தான்’ என்றவர்கள். இங்கே மந்திரவாதி காசுக்கு வேலை செய்பவர். நாங்களே கூப்பிடுவோம், செய்வினையை எடுக்கக் கழிப்புக் கழிப்பார்.

அம்மம்மா வீட்டில் மாட்டுக்குப் பால் குறைந்தபோது வளவுக்குள் தகடு புதைத்திருக்கு என்று ஒருவர் தோண்டினார். தகடு கிடைத்தது. இடம் காட்டியதும் தோண்டியதும் அவரே, கிடைக்காவிட்டால்தான் அதிசயம். பால் கூடவில்லை. ஐரோப்பிய வழக்குகளிலும் அடிக்கடி வந்த முறைப்பாடு இதுதான்: பசுவுக்குப் பால் வற்றிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரியின் வேலை.